வெண்ணெய் வர்க்கிக்கு எந்த எழுத்துரு? தடித்த உருண்டை எழுத்துகளில் ஒரு தேர்வு

கோத்தகிரியில் விறகு அடுப்பில் வர்க்கி என்ற மொறுமொறு அடுக்குப் பண்டத்தைச் சுட்டு விற்கும் ஒரு சிறிய பேக்கரிக்குப் புதிய பெயர்ப்பலகையும், அதே எழுத்தில் ஒரு காகிதப் பையும், பையின் வாயை ஒட்டுவதற்கு ஒரு வட்ட ஸ்டிக்கரும் தேவைப்பட்டன. மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி தொடங்குவதற்குள் மூன்றும் தயாராக வேண்டும். வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. கடைக்கார அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "எழுத்து குண்டா, உருண்டையா இருக்கணும் தம்பி. பார்த்ததும் எடுத்துக் கடிக்கத் தோணணும்." எழுத வேண்டிய சொற்கள் மூன்று: கோத்தகிரி, வெண்ணெய், வர்க்கி. இந்த மூன்று சொற்களுக்கு ஏற்ற தடித்த உருண்டை எழுத்து எது என்று பார்க்க நான்கு வழிகளை ஒப்பிட்டேன். இதே தேர்வின் முன் நிற்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

கடைசிவரை நின்ற நான்கு: காயினி, பலூ தம்பி 2, கேட்டமரான் எழுத்துருவின் பிளாக் தடிமன், எழுத்துருவே இல்லாமல் போர்டு பெயின்டரின் கை. அனெக் தமிழையும் அரிமாவையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டு ஒதுக்கினேன். அனெக் தமிழின் அகலத்தைக் குறுக்கவும் விரிக்கவும் முடியும் என்பது குறுகிய கடைமுகப்புக்குப் பெரிய வசதிதான். ஆனால் அது உருண்டை எழுத்தல்ல. அரிமாவின் நுனிகள் மென்மையானவை, அழகானவையும்கூட. ஆனால் கடைக்காரர் கேட்ட குண்டு அதில் இல்லை. திருமண அழைப்பிதழுக்கு என்றால் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன்.

ஆங்கில எழுத்தில் 'உருண்டை' என்பது வடிவமைப்பாளர் வெளியிலிருந்து சேர்க்கும் ஒரு குணம். 1922இல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக் எழுத்தில் நுனிகளும் அடிக்கட்டைகளும் மெழுகு உருகியதுபோல் வழுவழுப்பாகின. 1979இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவான வாக் ரவுண்டட் எழுத்தில் ஒவ்வொரு கோடும் குழாய் முனைபோல் அரைவட்டமாக முடிந்தது. நேராக நிற்கும் எலும்புக்கூட்டின் மேல் சதையை உருட்டி வைப்பதுதான் அங்கே வேலை. தமிழில் எலும்புக்கூடே வளைந்திருக்கிறது. ஓலையின் நரம்பை ஒட்டி எழுத்தாணி நேர்க்கோடாக ஓடினால் ஓலை கிழியும் என்பதால் எழுத்துகள் வளைந்தன என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாயினும் ல, வ, ஒ, ஞ போன்றவை ஏற்கெனவே உருண்டைதான்; அவற்றின் நுனியை இன்னும் கொஞ்சம் உருட்டினால் பார்ப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. உருட்டல் கண்ணில் படுவது ட, ப, ம, ர, க போன்ற, மூலையும் நிமிர்ந்த கோடும் உள்ள எழுத்துகளில்தான். ஆகவே ஒரு தமிழ் எழுத்துருவின் உருண்டைத்தன்மையைச் சோதிக்க 'வல்லவன்' என்று அடித்துப் பார்ப்பது வீண். 'பட்டர்' என்று அடித்துப் பாருங்கள்.

தடிமனின் கதை வேறு. ஆங்கிலத்தின் சிறிய 'என்' எழுத்தைத் தடிமனாக்கினால் நடுவில் இருக்கும் ஒரே வெள்ளை இடம் குறுகும், அவ்வளவுதான். மூன்று சுழி 'ண' எழுத்தைத் தடிமனாக்கினால் மூன்று வெள்ளை இடங்கள் ஒன்றையொன்று நெருக்கும். வெண்ணெய் என்ற சொல்லைப் பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன்: மூன்று சுழி 'ண' இரண்டு, ஒற்றைக்கொம்பு இரண்டு, 'வ' ஒன்று, ஆக மொத்தம் ஒன்பது சுழிகள், அவற்றின் மேல் இரண்டு புள்ளிகள். தமிழில் ஒரு கடைக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய சொற்களில் இதைவிடக் கடுமையான சோதனை அரிது. (பழைய பலகையில் 'வெண்ணை' என்று இருந்தது. அதைத் திருத்தியதால் எழுத்துக்காரனான எனக்குக் கூடுதலாக ஒரு 'ய'வும் ஒரு புள்ளியும் வேலை வந்தது. இலக்கணத்துக்கு இதைவிடப் பெரிய தொண்டு நான் செய்ததில்லை.) கோத்தகிரியிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒற்றைக்கொம்பின் மேல்முனை சுழிந்தால்தான் அது இரட்டைக்கொம்பு. அந்த மேற்சுழிக்குள் மை அடைத்துக்கொண்டால் ஊரின் பெயர் 'கொத்தகிரி' ஆகிவிடும்.

அதனால் எழுத்துகளை வெளிப்புறக் குண்டை வைத்து மதிப்பிடுவதை விட்டுவிட்டு, உள்ளே எவ்வளவு வெள்ளை மிஞ்சுகிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கணினித் திரை இதற்கு உதவாது. திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். இந்த மலையில் பை என்றால் காகிதப் பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல்தான் தடை வந்தது என்றாலும், நீலகிரி மாவட்டம் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே தடையைத் தொடங்கிவிட்டது. அந்தப் பழுப்புக் காகிதம் மையை உறிஞ்சும், உறிஞ்சிய மையைப் பக்கவாட்டில் பரப்பும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கோடும் நாம் வரைந்ததைவிட மயிரிழை அளவுக்குப் பருத்துத்தான் வரும். எனவே மூன்று எழுத்துருக்களையும் அதே காகிதத்தில், அதே மையில், இரண்டு அளவுகளில் அச்சிட்டுப் பார்த்தேன்: பைக்கு 22 மில்லிமீட்டர் உயரம், ஸ்டிக்கருக்கு 8 மில்லிமீட்டர்.

காயினி முதற்பார்வையில் வென்றது. மார்சேலோ மகல்யாயிஸ் வடிவமைத்த இந்த எழுத்துரு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒன்றாக வரையப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பிபோல் தெரிகின்றன. கடைக்காரர் சொன்ன 'எடுத்துக் கடிக்கணும்' என்ற குணம் நான்கிலும் இதில்தான் அதிகம். 22 மில்லிமீட்டரில் வர்க்கி என்ற சொல், தட்டில் அடுக்கிய பன்போல் நிறைவாக உட்கார்ந்தது. 8 மில்லிமீட்டரில் நிலைமை மாறியது: வெண்ணெயின் கொம்புகள் இரண்டும் மையால் அடைத்துப் பொட்டுகளாகிவிட்டன, கோத்தகிரியின் இரட்டைக்கொம்பை ஊர்க்காரர் மட்டுமே ஊகித்துப் படிக்கலாம். இதற்குப் பரிகாரம் தேடலாம் என்றால், காயினிக்கு ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. ஒரு படி இறங்கிப் பார்க்க இடமில்லை.

பலூ தம்பி 2 அங்கேதான் முந்துகிறது. மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழுவின் இந்த எழுத்துருவுக்கு ரெகுலர் முதல் எக்ஸ்ட்ராபோல்ட் வரை ஐந்து தடிமன்கள். எக்ஸ்ட்ராபோல்ட் பெரிய அளவில் காயினிக்கு அருகே வரும் குண்டு. ஸ்டிக்கர் அளவில் அதுவும் திணறியது. ஒரு படி இறங்கி போல்ட் வைத்தவுடன் ஒன்பது சுழிகளும் திறந்தன. குண்டு கொஞ்சம் குறைந்ததைக் கடைக்காரர் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் பழுப்புக் காகிதம், தன் பங்குக்குச் சேர்க்கும் மயிரிழைப் பருமனால், போல்ட்டை எக்ஸ்ட்ராபோல்ட்டாக ஆக்கிவிட்டது. அச்சில் எவ்வளவு பருக்கும் என்று கணக்கிட்டு அந்த அளவுக்கு மெலிந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது பழைய அச்சகக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். அதற்கு எழுத்துருவில் படிகள் இருக்க வேண்டும்.

பலூவுக்கு இன்னொரு பலம் உண்டு, இந்த மலையில் அது சிறிய பலமல்ல. அது ஒன்பது இந்திய எழுத்துமுறைகளில் வெளிவந்த குடும்பம். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மொழியின் உறவுப்பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், கன்னடத்துக்குத் தம்ம, தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி. சீசனில் கடைக்கு வருபவர்களில் கேரளத்தாரும் கர்நாடகத்தாரும் கணிசமானவர்கள் என்பதால் பலகையில் மலையாளமும் கன்னடமும் சிறிதாகவாவது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். தம்பியும் சேட்டனும் தம்மவும் ஒரே கையால் எழுதியதுபோல் ஒரே பலகையில் நிற்கும். காயினியைத் தேர்ந்தெடுத்தால் மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும் வெளியிலிருந்து வேறு எழுத்துகளைக் கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டியிருக்கும். பலூ என்பது இந்தியில் கரடியைக் குறிக்கும் சொல் என்று சொன்னபோது மட்டும் கடைக்காரர் முகம் சுருங்கியது. "ராத்திரி வந்து கதவை உடைக்கிறது போதாதா, போர்டுலயும் கரடியா?" என்றார். எண்ணெய் வாசனைக்கும் இனிப்புக்கும் இறங்கிவரும் கரடிகளைக் கோத்தகிரிக் கடைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கேட்டமரான் பிளாக்கை ஒப்பீட்டில் வைத்ததற்குக் காரணம், உருண்டை உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதற்காகத்தான். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த இந்த எழுத்துருவின் பெயரே கட்டுமரத்திலிருந்து வந்தது. ஒன்பது தடிமன்கள் உண்டு, அவற்றுள் பிளாக் நல்ல கனமானது, ஆனால் நுனிகள் உருண்டையாக அல்லாமல் நேராக வெட்டி முடிகின்றன. வர்க்கியின் இயல்பை யோசித்தால் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வர்க்கி பன் அல்ல. அடுக்கடுக்காகப் பொரிந்து, விளிம்பு கரடுமுரடாக, கையில் எடுத்தால் உதிர்ந்து, கடித்தால் நொறுங்குவது. உருண்டை எழுத்து 'மெத்து' என்று சொல்கிறது. வர்க்கியோ 'மொறுமொறு' என்கிறது. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதன் தனித்தன்மையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தத் தனித்தன்மையை கேக் கடையின் எழுத்தில் எழுதுவது பொருந்துமா என்று எனக்கு ஐயம் இருந்தது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆயினும் மூன்று அச்சுகளையும் கல்லாவின் மேல் வரிசையாக வைத்தபோது, டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் கேட்டமரானைப் பார்த்து "வங்கி போர்டு மாதிரி இருக்கு" என்றார்கள். அந்தக் கருத்தை என்னால் மறுக்க முடியவில்லை. டீயில் நனைத்தபின் வர்க்கியும் மெத்தென்றுதான் ஆகிறது.

மை எந்தப் பக்கம் பரவுகிறது என்பதில் ஒரு திருப்பம் இருக்கிறது. தேர்வையே மாற்றக்கூடியது அது. மேலே சொன்னவை எல்லாம் வெளிர்ப் பரப்பின் மேல் அடர்ந்த நிறத்தில் எழுத்தை அச்சிடுவதற்குப் பொருந்தும். அடர்ந்த நிறத்தை வட்டமாக அடித்து, எழுத்தை மட்டும் காகித நிறத்திலேயே விட்டால் எல்லாம் தலைகீழாகிறது: மை எழுத்தின் வெளியிலிருந்து உள்ளே பரவுகிறது, கோடுகள் மெலிகின்றன, சுழிகளுக்குள் இருக்கும் மைப்பொட்டு பெரிதாகிறது. அந்த நிலையில் மெல்லிய எழுத்து காணாமல் போகும். மிகக் குண்டான எழுத்துக்கு அதுவே நல்லது. இதைக் கண்டபின் காயினியை 8 மில்லிமீட்டரில் தலைகீழாக அச்சிட்டுப் பார்த்தேன். முதல் சோதனையில் அடைபட்ட அதே கொம்புகள் இப்போது திறந்து நின்றன, பலூ போல்ட்டோ சற்று நோஞ்சானாகத் தெரிந்தது. தோற்றுப்போன எழுத்து அங்கே வென்றது.

ஒளியும் மையைப் போலவே பரவும். கடைவீதியில் இப்போது பின்னொளி எல்இடி எழுத்துகள்தான் மோகம். அக்ரிலிக்கில் வெட்டிய எழுத்தின் உள்ளே விளக்கு வைக்கிறார்கள். சமவெளியில் அது தெளிவாக இருக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அந்த மாதங்களின் மாலைகளில் மூடுபனி இறங்கிவிட்டால், ஒளிரும் எழுத்தைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் உருவாகி சுழிகளை நிரப்பிவிடும். தடித்த எழுத்து முதலில் கெடுவது அங்கேதான். எல்இடிதான் வேண்டும் என்பவர்கள் குண்டு எழுத்து ஆசையை விட்டுவிட்டு, பலூவில் மீடியமோ செமிபோல்ட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பனியே மீதியைக் குண்டாக்கிக் கொடுக்கும்.

வெட்டி ஒட்டும் எழுத்துக்கு மற்றொரு குறையும் இருக்கிறது, அது தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு சொல் எழுதினால் எத்தனை எழுத்தோ அத்தனை துண்டு. வர்க்கிக்கு ஆறு துண்டுகள்: வ, ர, க, கி, இரண்டு புள்ளிகள். கோத்தகிரிக்கு எட்டு: கொம்பு, க, கால், இரண்டு த, ஒரு புள்ளி, கி, ரி. புள்ளி மிகச் சிறிய துண்டு என்பதால் ஒட்டும் பரப்பு குறைவு. இரண்டு மழைக்காலம் தாண்டினால் முதலில் விழுவது அதுதான். புள்ளி விழுந்த பலகைகளை இந்த மலையில் எங்கும் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒரு பலகையைக் கடைக்காரருக்குக் காட்டி, 'வரககி' என்று விற்கத் தயாரா என்று கேட்டேன். எல்இடி பேச்சு அத்தோடு நின்றது.

மிஞ்சியது பெயின்டரின் கை. தகரத்தில் எனாமல் வண்ணத்தால் எழுதும் போர்டு பெயின்டர்கள் ஃபிளெக்ஸ் வந்தபின் குறைந்துவிட்டார்கள், ஆனால் முற்றிலும் போய்விடவில்லை. பிரஷ்ஷால் எழுதும்போது நுனி தானாகவே உருளும். உருண்டை எழுத்து என்பது அவர்களுக்கு ஒரு பாணியல்ல, கருவியின் இயல்பு. 'ண' வந்தால் அதை அகலமாக்கிக்கொள்வார்கள், பக்கத்து எழுத்தோடு மோதும் புள்ளியை நகர்த்திக்கொள்வார்கள். எழுத்துருவில் முன்கூட்டியே தீர்க்க வேண்டிய ஒவ்வொன்றையும் அவர்கள் அந்தந்த இடத்தில் தீர்க்கிறார்கள். குறை என்னவென்றால் பலகையில் இருக்கும் எழுத்து பையில் வராது. படம் பிடித்து வரைந்தெடுத்தாலும் மூன்று சொற்கள்தான் கிடைக்கும், நாளை 'இஞ்சி', 'ஏலக்காய்' என்று புதுச்சுவை வந்தால் மறுபடி பெயின்டரிடம் போக வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு: மூத்த பெயின்டர்கள் சிலர் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த 'லை', 'ணை' வடிவங்களையே இன்றும் கை போன போக்கில் எழுதிவிடுவார்கள். எனக்கு அவை பிடிக்கும், ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்க வராது.

பலகையின் அளவுக் கணக்கு எழுத்தின் தேர்வைவிட முக்கியமாகிப் போனது. கடை ஒற்றை ஷட்டர். பத்தடி அகலம், மூன்றடி உயரம்தான் பலகைக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முப்பத்தாறு அங்குல உயரத்தில் தமிழுக்குப் பதினெட்டு அங்குலம். மூன்று சொற்களையும் ஒரே வரியில் எழுதினால், தடித்த உருண்டை எழுத்துகள் எல்லாமே அகலமானவை என்பதால், எழுத்தின் உயரம் ஆறு அங்குலத்தைத் தாண்டவில்லை. பலகை எழுதுகிறவர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். ஆறு அங்குலம் என்றால் அறுபதடி, ஏறத்தாழ 18 மீட்டர். கடைக்குச் சற்று முன் சாலை வளைகிறது; வளைவு திரும்பி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடக்கும். ஓட்டுநருக்கு இரண்டு நொடி கிடைக்கும், அதற்குள் கடை பின்னால் போய்விடும். அதுவும் அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பொருந்துவது. கொம்பும் புள்ளியும் உள்ள தமிழுக்கு இன்னும் தாராளம் வேண்டும்.

எனவே சொற்களைப் பிரித்தேன். 'கோத்தகிரி வெண்ணெய்' மேலே நான்கு அங்குலத்தில், 'வர்க்கி' மட்டும் கீழே பதினோரு அங்குலத்தில். வளைவிலிருந்து படிக்கப்பட வேண்டியது வர்க்கி ஒன்றுதான்; மற்ற இரண்டையும் வண்டியை நிறுத்தியவர்கள் படித்துக்கொள்வார்கள். வர்க்கி என்ற சொல்லில் மூன்று சுழி 'ண' இல்லை, இரட்டைக்கொம்பு இல்லை. எவ்வளவு குண்டானாலும் தாங்கும். கடுமையான சொல்லைச் சிறிதாகவும் மெலிவாகவும், எளிய சொல்லைப் பெரிதாகவும் குண்டாகவும் வைக்க முடிந்தது, பலூவின் ஐந்து தடிமன்களால்தான்: வெண்ணெய்க்குச் செமிபோல்ட், வர்க்கிக்கு எக்ஸ்ட்ராபோல்ட். ஒரே வரியில் இரு தடிமன் வைத்தால் உறுத்தும். இரண்டு வரியில், இரண்டு அளவில் வைத்தால் கண்ணுக்கு அது ஒரே தடிமனாகத்தான் தெரிகிறது.

அச்சகத்தில் நேர்ந்த ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் அது நேரலாம். நான் பார்த்த எழுத்துருக்கள் அனைத்தும் யூனிகோடு எழுத்துருக்கள். சிற்றூர் அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் பழைய தட்டச்சு முறை எழுத்துருக்களுக்குப் பழகிய பழைய மென்பொருள்தான் ஓடுகிறது. நான் அனுப்பிய கோப்பை ஓர் அச்சகத்தில் திறந்தபோது, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்று, கோத்தகிரியின் முதல் எழுத்து மூன்று உதிரித் துண்டுகளாகச் சிதறிவிட்டது. அவர்களோ அதை அப்படியே ஸ்கிரீன் எடுக்கவிருந்தார்கள். அன்றிலிருந்து எழுத்துகளை எல்லாம் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாக மட்டுமே அனுப்புகிறேன். அப்படி மாற்றியபின் எழுத்துப்பிழை கண்டால் திருத்த முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன் வேறொருவரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

உரிமச் செலவைப் பொறுத்தவரை காயினி, பலூ, கேட்டமரான் மூன்றும் சமம். மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. கடைக்கும் பைக்கும் வணிக நோக்கில் பயன்படுத்தலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை, எழுத்துருக் கோப்பைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது என்பதே முக்கியக் கட்டுப்பாடு.

பையின் பின்புறத்துக்கு இவை எதுவும் ஆகாது. நிகர எடை, விலை, தயாரித்த நாள், சேர்பொருள்கள், பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை இரண்டு மில்லிமீட்டர் எழுத்தில் குண்டாக எழுதினால் பூதக்கண்ணாடியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே முக்தா மலர் வைத்தேன்; பலூவை உருவாக்கிய அதே குழுவினுடையது என்பதால் முன்புறத்தோடு சண்டை போடவில்லை.

ஆக, தேர்வு ஒன்றாக முடியவில்லை. பைக்குப் பலூ தம்பி 2, போல்ட் தடிமனில், பழுப்புக் காகிதத்தில் கரும்பழுப்பு மை. ஸ்டிக்கருக்குக் காயினி, வர்க்கி என்ற ஒரே சொல், அடர்ந்த வட்டத்தில் எழுத்து காகித நிறத்தில். பலகைக்குப் பெயின்டர், ஆனால் வெறும் கையாக அல்ல, பலூவில் நான் அமைத்துக் கொடுத்த இரண்டு வரிகளை முழு அளவில் தாளில் எடுத்து, விளிம்பில் ஊசியால் துளையிட்டு, தகரத்தின் மேல் வைத்துச் சுண்ணப்பொடி தட்டி, அந்தத் தடத்தின் மேல் எழுதும் முறை. பலகையும் பையும் ஒரே முகமாக இருக்கும், விழுவதற்குத் துண்டுகள் இருக்காது. கேட்டமரானை விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பலகை எழுதிய அன்று நான் கூடவே இருந்தேன். பெயின்டர் பொடித்தடத்தைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, 'ர்' எழுத்தின் புள்ளியை இரண்டு விரல் உயர்த்திப் புதிதாகச் சாக்பீஸால் குறித்தார். அளவையும் சற்றுப் பெரிதாக்கினார். காரணம் கேட்டேன். "கீழேயிருந்து நிமிர்ந்து பார்க்கிறவனுக்குப் புள்ளி எழுத்தோட ஒட்டிக்கும் சார். இடைவெளி விட்டாத்தான் புள்ளி, இல்லாட்டி அது கட்டி," என்றார். சாலையின் எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, பைக்கான கோப்பைத் திறந்து, கர்வ்ஸாக்கிய வர்க்கியின் இரண்டு புள்ளிகளையும் முக்கால் மில்லிமீட்டர் உயர்த்தினேன்.